55 வயதில் வேலை போனது, வெளியே சொல்லாததால் ஆறரை லட்சமும் போனது

2023 மார்ச் இரண்டாவது வாரம், ஒரு வியாழக்கிழமை. மதியச் சாப்பாடு முடித்து உற்பத்தி லைனுக்குத் திரும்பும்போது எச்.ஆரிலிருந்து போன். அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்யும் கம்பெனி, 1996 ஆகஸ்ட் கடைசியில் டிரெய்னியாகச் சேர்ந்தவன், அப்போது குவாலிட்டி மேனேஜர். ஏதோ ஆடிட் விஷயம் என்று நினைத்துத்தான் போனேன். உள்ளே மூன்று பேர், மேஜையில் தண்ணீர் பாட்டில், ஒரு கவர். எங்கள் பிரிவை மூடுகிறார்கள், எனக்கு விருப்ப ஓய்வு. யாருடைய விருப்பம் என்று மட்டும் கேட்கக் கூடாது. 18 லட்சம் இழப்பீடு, மற்ற பாக்கிகள் தனி, மார்ச் 31 கடைசி நாள், திங்கட்கிழமைக்குள் கையெழுத்து. நான் கவரைப் பிரிக்கக்கூட இல்லை. "பேனா இருக்கா?" என்று கேட்டு அங்கேயே போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை மனைவி கேட்கிறாள். ரோஷம்தான், வேறென்ன. கெஞ்சுகிற மாதிரி தெரிந்துவிடக் கூடாது என்ற நினைப்பு. அந்த ரோஷத்துக்கு இரண்டு லட்சம் விலை என்று ஒன்றரை வருஷம் கழித்து ஒரு ஆடிட்டர் கணக்குப் போட்டுச் சொன்னார்.

அந்தக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் படிக்கிறவர் யாராவது இப்போது அந்தக் கவரைக் கையில் வைத்திருக்கலாம். கடைசி நாள் மார்ச் 31, பணமும் அன்றைக்கே கணக்கில் விழுந்தது. ஆக, ஒரு வருஷ முழுச் சம்பளமும் இழப்பீடும் ஒரே நிதியாண்டில் சேர்ந்துகொண்டன. விருப்ப ஓய்வுப் பணத்தில் 5 லட்சம் வரை வரி இல்லை (கம்பெனியின் திட்டம் வருமான வரி விதிகளுக்குப் பொருந்தி இருந்தால்), மிச்சம் 13 லட்சத்துக்கும் 30 சதவீத வரி, செஸ் என்ற கூடுதல் வரி வேறு. என்னை வெள்ளிக்கிழமை மார்ச் 31க்குப் பதில் திங்கட்கிழமை ஏப்ரல் 3 அன்று அனுப்பியிருந்தால், சம்பளமே இல்லாத அடுத்த நிதியாண்டில் அந்தப் பணம் வந்து குறைந்த சதவீதத்தில் தொடங்கிப் படிப்படியாக ஏறும் ஸ்லாபில் உட்கார்ந்திருக்கும். எடுக்காத லீவுக்குப் பணமாகத் தரும் லீவு என்கேஷ்மென்ட்டிலும் அதே கதை. தனியார் ஊழியர்களுக்கு அதில் வரிவிலக்கு உச்சவரம்பு அதுவரை 3 லட்சம்தான், 2023 ஏப்ரல் 1 முதல் 25 லட்சம். எனக்கு வந்தது 4 லட்சத்துப் பத்தாயிரம். ஒரு நாள் தாண்டியிருந்தால் முழுசும் வரியில்லாமல் வந்திருக்கும். கம்பெனிக்கு மூன்று நாள் சம்பளம் கூடுதல் செலவு, அவ்வளவுதான். கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். நான் கேட்கவில்லை. ஆகவே கவர் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், "வீட்ல பேசிட்டுச் சொல்றேன் சார்" என்று எழுந்து வந்துவிடுங்கள். கையெழுத்துப் போடும்வரைதான் நீங்கள் சொல்வதை அவர்கள் கேட்பார்கள்.

மேனேஜர் பதவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2009இல் அந்தப் பதவி வந்தபோது தெரு முழுக்க ஸ்வீட் கொடுத்தவன் நான். ஆனால் வேலையை விட்டு அனுப்பும்போது தொழிலாளிக்குச் சட்டத்தில் இருக்கிற பிடிமானம் மேனேஜருக்குக் கிடையாது, யூனியனும் கிடையாது. லைனில் இருந்தவர்களுக்கு யூனியன் பேசி என்னைவிட நல்ல கணக்கு வாங்கிக் கொடுத்தது. எனக்காகப் பேச நான் ஒருவன்தான், நானும் வாயைத் திறக்கவில்லை.

வீட்டில் மனைவியிடம் அன்று இரவே சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, பொண்ணுக்கு ரெண்டு செமஸ்டர்தான் பாக்கி, பாத்துக்கலாம்" என்றாள். நான் பயந்தது அம்மாவை நினைத்து. 81 வயசு, பிரஷர் வேறு. அப்புறம் சொந்தக்காரர்கள், தெரு. பெண்ணுக்கு வரன் பார்க்க ஆரம்பிக்கும் நேரத்தில் 'அப்பா என்ன பண்றார்?' என்று கேட்டால் என்ன சொல்வது என்ற கவலை. அதனால் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். ஏப்ரல் 3ஆம் தேதி காலை வழக்கம்போல ஐந்து மணிக்கு எழுந்து, குளித்து, கம்பெனி சட்டையைப் போட்டுக்கொண்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்குப் போக முடியாதே, பட்டாபிராம் ஸ்டேஷனில் ரயில் ஏறி சென்ட்ரல் போய், அங்கிருந்து எழும்பூர் கன்னிமாரா நூலகம். பேப்பர் படிப்பேன், தூங்கி வழிவேன், மதியம் வெளியே மரத்தடியில் சாப்பிடுவேன், சாப்பாடு இறங்காது. ஐந்தரை மணிக்கு வீடு. இப்படிப் பத்து நாள். தமிழ்ப் புத்தாண்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் வந்து நின்று தோள்பட்டையில் சட்டையைப் பிடித்து மோந்து பார்த்தார். "சட்டைல எண்ணெ வாசமே இல்லையேடா பத்து நாளா. எங்கடா போயிட்டு வர்ற?" 26 வருஷம் மெஷின் ஷாப்பில் நின்ற சட்டையில் கூலன்ட் எண்ணெய் வாசம் துவைத்தாலும் போகாது, எங்கள் வீட்டில் என் துணியைத் தனியாகத்தான் ஊறப்போடுவார்கள். அதை நான் யோசிக்கவே இல்லை. அன்றைக்குத்தான் அழுதேன். அம்மா அழவில்லை. "உங்கப்பாவை மில்லுல நிறுத்தினப்ப நீ நாலாங்கிளாஸ். நாம என்ன செத்தா போயிட்டோம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

இந்தப் பத்து நாளைச் சிரித்துக்கொண்டே சொல்கிறேன், ஆனால் பெரிய நஷ்டம் எல்லாம் இங்கேதான் முளைவிட்டது. அம்மாவுக்குத் தெரிந்தபிறகும் வெளியில் 'லாங் லீவுல இருக்கேன்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது தெருவில் ஒருவர், வேறொரு கம்பெனியில் 2019இல் இதே மாதிரி வெளியே வந்தவர். அவரைப் பார்த்தால் தெருவைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடுவேன், கேள்வி கேட்டுவிடுவாரோ என்று. ஜூன் மாதம் ஆவடி பருத்திப்பட்டு ஏரியில் வாக்கிங் போகும்போது வசமாக மாட்டிக்கொண்டேன். இரண்டு சுற்று நடப்பதற்குள் அவர் கேட்ட முதல் கேள்வி, "சீனியர் சிட்டிசன் ஸ்கீம்ல போட்டுட்டீங்களா?" 60 ஆனால்தானே என்றேன். இல்லையாம். 55 வயதுக்கு மேல் ஓய்வு பெற்றவர்கள், ஓய்வுப் பணம் கைக்கு வந்த ஒரு மாதத்துக்குள் போனால், அந்தப் பணத்தின் அளவு வரைக்கும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடலாம். அந்த ஏப்ரலில்தான் வட்டி 8.2 ஆனது, உச்சவரம்பும் 15 லட்சத்திலிருந்து 30 லட்சம் ஆனது. மறுநாளே போஸ்ட் ஆபீஸ் ஓடினேன். கவுன்ட்டரில் இருந்த பெண்மணி பேப்பரைப் புரட்டி, "மார்ச் 31ல பணம் வந்திருக்கு, ஏப்ரல்லயே வந்திருக்கணும் சார், இனிமே உங்களுக்கு 60 ஆனாத்தான்" என்றார், பாவம், அவரே வருத்தப்பட்டார். பிடித்தம் போக என் கையில் வந்த 25 லட்சத்துக்கு பேங்க் எஃப்டியில் கிடைத்தது 7 சதவீதம். 1.2 சதவீத வித்தியாசம் என்றால் வருஷம் 30,000. 60 ஆகும்வரை வருஷா வருஷம் போகும். அந்த நவம்பரில் கால அவகாசத்தை மூன்று மாதமாக்கிவிட்டார்கள், உங்களுக்கு அந்தச் சலுகை இருக்கிறது. பணம் வந்த தேதிக்கான அத்தாட்சி கேட்பார்கள், கம்பெனியிலிருந்து கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வாக்கிங்கில் மாட்டிய அந்த மூன்றாவது தெருக்காரரேதான் கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, கணக்கையும் பார்க்கச் சொன்னார். கடைசி மாத அடிப்படைச் சம்பளமும் டிஏவும் (அகவிலைப்படி) சேர்த்து 15ஆல் பெருக்கி 26ஆல் வகுத்தால் ஒரு வருஷத்துக்கான தொகை. ஆறு மாதத்துக்கு மேல் நிற்கும் மிச்சத்தை முழு வருஷமாக எடுக்க வேண்டும். எனக்கு 26 வருஷம் 7 மாதம், கம்பெனி 26க்குத்தான் போட்டிருந்தது. எனக்கு அடிப்படை 48,000, ஆகவே விட்டுப்போனது 27,692 ரூபாய். ஒரு மெயில் போட்டேன், மூன்று வாரத்தில் அனுப்பிவிட்டார்கள். வேண்டுமென்றே செய்தார்கள் என்று சொல்லமாட்டேன், அந்த மாதம் எச்.ஆரில் இருந்தவர்களே பாதிப் பேர் வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். இந்த மொத்தக் கதையில் நான் கேட்டு வாங்கிய பணம் இந்த ஒன்றுதான்.

மெடிக்கல் இன்சூரன்ஸ் விஷயம் இன்னும் வலிக்கிறது. கம்பெனியின் குரூப் பாலிசி கடைசி வேலைநாளோடு சரி. மே மாதம் ஒரு ஏஜென்ட் மூலம் குடும்பத்துக்குப் புதிதாக 10 லட்சத்துக்கு எடுத்தேன், பொறுப்பாக ஒரு காரியம் செய்ததாகப் பெருமை வேறு. செப்டம்பரில் மனைவிக்கு ராத்திரி இரண்டு மணிக்கு வயிற்று வலி, பித்தப்பையில் கல், ஆபரேஷன். இன்சூரன்ஸில் கிளெய்ம் நிராகரிப்பு. பித்தப்பைக் கல், ஹெர்னியா, கண்புரை மாதிரி சிலவற்றுக்குப் புதுப் பாலிசியில் இரண்டு வருஷம் காத்திருப்புக் காலம் உண்டு. அது பாலிசி புத்தகத்தில் தெளிவாகவே இருந்தது, படிக்காதது நான். 1,38,000 கையிலிருந்து போனது. குரூப் பாலிசியில் இருப்பவர் வெளியே வரும்போது அதே இன்சூரன்ஸ் கம்பெனியின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள வழி இருக்கிறது, அப்படி மாறினால் குரூப்பில் இருந்த வருஷங்களும் காத்திருப்புக் கணக்கில் சேரும். ஆனால் முன்கூட்டியே கேட்க வேண்டும், பாலிசி முடிய 30 நாள் இருக்கும்போதே எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. எச்.ஆர் இதைத் தானாகச் சொல்லமாட்டார்கள். கவர் கிடைத்த அன்றைக்கே செய்ய வேண்டிய முதல் வேலை எது என்று கேட்டால் பணத்தைவிட இதைத்தான் சொல்வேன், எங்களுக்கு வந்த மாதிரி ராத்திரி இரண்டு மணிக்கு வலி யாருக்கும் வரலாம்.

இன்னொரு மூன்று லட்சம் பேங்கில் போனது. கணக்கில் பெரிய தொகை விழுந்த நாலாவது நாள் பேங்கிலிருந்து ஒரு பையன் போன் செய்தான். "அங்கிள், உங்களுக்குன்னு ஒரு ஆளைப் போட்டிருக்காங்க, நான்தான்." வேலை போனதிலிருந்து என்னை மரியாதையாகத் தேடி வந்த முதல் ஆள் அவன்தான், அதுதான் என்னைக் கவிழ்த்தது என்று நினைக்கிறேன். வீட்டுக்கு வந்தான், அம்மா காலில் விழுந்தான், காபி குடித்தான். 3 லட்சம் போட்டால் அஞ்சு வருஷத்தில் நல்ல தொகை என்றான். டெபாசிட் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன். அது இன்சூரன்ஸ் பாலிசி, வருஷா வருஷம் 3 லட்சம் கட்ட வேண்டும் என்பது 2024 ஏப்ரலில் பிரீமியம் கட்டச் சொல்லி எஸ்எம்எஸ் வந்தபோதுதான் தெரிந்தது. கட்ட வழியில்லை. ஒரே பிரீமியத்தோடு நிறுத்தினால் அந்த மாதிரி பாலிசியில் சரண்டர் மதிப்பு, அதாவது பாலிசியை விட்டால் திரும்பக் கிடைக்கும் பணம், எதுவும் கிடையாது, அப்போதைய விதி அப்படி. ஆரம்பத்தில் சரிபார்க்க ஒரு பெண் போன் செய்து நிபந்தனைகளை எல்லாம் வாசித்தார், அவன் சொல்லிக் கொடுத்தபடி எல்லாவற்றுக்கும் 'யெஸ்' சொல்லியிருக்கிறேன். புகார் கொடுத்தபோது அந்த ரெக்கார்டிங்கை எனக்கே போட்டுக் காட்டினார்கள். என் குரலைக் கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது. பாலிசி கைக்கு வந்ததும் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்க ஒரு அவகாசம் உண்டு. அப்போது 15 நாள், இப்போது 30 நாள். பாலிசி வந்த கவரைப் பிரித்துப் பார்த்திருந்தாலே போதும். என் அனுபவத்தில் முதல் ஆறு மாதம் எந்தப் புதுப் பேப்பரிலும் கையெழுத்துப் போடும் நிலையில் நம் புத்தி இருக்காது. சேமிப்புத் திட்டத்தில் போடுவதைப் போட்டுவிட்டு மிச்சத்தைச் சும்மா எஃப்டியில் வைத்துவிட்டு நல்லாத் தூங்குங்கள்.

கூட்டிப் பார்த்தவள் மனைவிதான், மளிகைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில். வரி இரண்டு, பாலிசி மூன்று, ஆஸ்பத்திரி ஒன்று முப்பத்தெட்டு. ஆறரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. வட்டி நஷ்டத்தை எழுதவில்லை, "அது போறபடி போகட்டும்" என்று விட்டுவிட்டாள்.

பணத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன், வீட்டில் இருப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலை ஆறு மணிக்கு மெயின் ரோட்டில் கம்பெனி பஸ் ஹாரன் கேட்கும். மற்ற பிரிவுகள் ஓடிக்கொண்டுதானே இருக்கின்றன. அந்தச் சத்தத்துக்கு என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய் ஐடி கார்டைத் தேடும், பல மாதம் இது நிற்கவில்லை. அப்புறம் நான் சமையலறைக்குள் புகுந்தேன். குவாலிட்டிக்காரன் புத்தி, அஞ்சறைப்பெட்டி முதல் அரிசி டிரம் வரை லேபிள் ஒட்டி, அடிக்கடி எடுப்பது முன்னால் அபூர்வமாக எடுப்பது பின்னால் என்று ஃபைவ் எஸ் (ஃபேக்டரியில் பொருள்களை ஒழுங்குபடுத்தும் முறை) பண்ணிவிட்டேன். மனைவி மத்தியானம் வந்து பார்த்தாள். பெருங்காயம் எங்கே என்று தேடினாள். லேபிளைப் பார்த்தாள். "என்னங்க, இது உங்க கம்பெனி இல்ல. இருபத்தெட்டு வருஷமா கண்ணை மூடிக்கிட்டு எடுத்திட்டிருந்தேன்." அன்றைக்கு வந்த சண்டைதான் எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே பெரிசு. பகலில் அந்த வீடு அவளுடையது, நான் புதிதாக வந்த ஆள் என்பது புரிய எனக்கு நாலைந்து மாதம் ஆனது. இப்போது ஒன்பதரைக்கு நான் வெளியே போய்விடுவேன், ஒரு மணிக்குத்தான் வருவேன், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும். இந்த ஏற்பாடு இரண்டு பேருக்கும் நல்லது. லேபிள்களில் ஒன்றை மட்டும் அவள் கிழிக்கவில்லை, கடுகு டப்பாவில் இன்னும் இருக்கிறது.

வேலை தேடினேன், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆன்லைனில் நூற்றுக்கு மேல் அனுப்பி இரண்டு போன் வந்தது, அதில் ஒன்று ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் கேட்ட மோசடி. நல்லவேளை, அதற்குள் புத்தி வந்திருந்தது. வேலை வந்தது பழைய வெண்டர் ஒருவர் மூலமாக. எஸ்டேட்டில் பத்துப் பதினைந்து ஆள் வைத்து நடத்தும் பட்டறை, பெரிய கம்பெனி ஆடிட் வருகிறது, பேப்பர் வேலை தெரிந்த ஆள் இல்லை. தரத்தை எப்படிச் சோதிப்பது என்ற கண்ட்ரோல் பிளான் எழுதணும், அளவு பார்க்கும் கேஜ் எல்லாம் சரிபார்ப்புத் தேதி தாண்டிக் கிடக்கிறது, "சார், சும்மாதானே இருக்கீங்க, வந்து கொஞ்சம் பாத்துக் குடுங்க" என்றார். அந்தச் 'சும்மாதானே' என்ற வார்த்தை உறுத்தியது, ஆனாலும் போனேன். நாளுக்கு 2,000. ஒரு பட்டறை மூன்றானது, இப்போது வாரத்தில் மூன்று நாள் போகிறேன். பழைய சம்பளத்தில் கால்வாசிகூட இல்லை, வீட்டுச் செலவில் பாதியைத் தாங்குகிறது. இதுவும் நான் 'லாங் லீவு' கதையை விட்டுவிட்டு வெளியே உண்மையைச் சொன்ன பிறகு வந்ததுதான். அந்த வெண்டருக்கு எனக்கு வேலை போன விஷயமே ஏழு மாதம் தெரியாது.

பிஎஃப் பணம் 31 லட்சத்தை எடுக்காமல் விட்டு வைத்தேன், புத்திசாலித்தனத்தால் அல்ல, பயத்தால். அது நல்லதாகப் போனது, 2023-24க்கு 8.25 சதவீதம் வந்தது. வேலையை விட்ட பிறகு சேரும் வட்டிக்கு வரி உண்டு என்பதை மட்டும் ரிட்டர்னில் காட்ட மறக்காதீர்கள். ஆனால் 55க்கு மேல் ஓய்வு பெற்றவருக்கு மூன்று வருஷம்தான், அதற்குப் பிறகு கணக்கு செயலற்றதாகிவிடும், வட்டி நின்றுவிடும். எனக்கு அந்தக் கெடு 2026 மார்ச். பிஎஃப்போடு சேர்ந்த பென்ஷன் வேறு, அது குறையாமல் வருவது 58 வயதில், எனக்கு 58 ஆவது 2026 ஜனவரியில். 50 வயதிலிருந்தே அதை வாங்கலாம்தான், ஆனால் முந்தும் ஒவ்வொரு வருஷத்துக்கும் 4 சதவீதம் குறையும், ஆயுசு முழுக்கக் குறைந்தே வரும். எப்படியும் மாசம் நாலாயிரத்தை ஒட்டித்தான் வரும், இவ்வளவு வருஷத்துக்கு இவ்வளவுதானா என்று அதிர்ச்சி அடையாதீர்கள். சம்பளம் எவ்வளவு வாங்கினாலும் பென்ஷன் கணக்கில் எடுத்துக்கொள்ளும் மாசச் சம்பளத்துக்கு உச்சம் 15,000தான், 2014க்கு முந்தின வருஷங்களுக்கு 6,500தான்.

இந்தப் பிஎஃப் விஷயம் இப்போது நின்றுகொண்டிருக்கும் இடம், பெயர். பிஎஃப்பில் என் பெயர் முன்னால் இனிஷியலோடு, ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால். நம்ம ஊர் ஆட்களில் பாதிப் பேருக்கு இருக்கிற சிக்கல்தான். வேலையில் இருந்தபோது எச்.ஆரில் சொல்லியிருந்தால் அவர்கள் பக்கத்தில் வேலை சுலபமாக முடிந்திருக்கும். இப்போது கூட்டு விண்ணப்பத்தில் கம்பெனி ஒப்புதல் கொடுக்க வேண்டும், எனக்குத் தெரிந்த எச்.ஆர் ஆட்கள் யாரும் அங்கே இல்லை, புதிதாக வந்த பெண்ணுக்கு நான் யாரென்றே தெரியாது. நான்கு மாதமாக மெயில் போட்டுக்கொண்டிருக்கிறேன். போன வாரம் நேரிலேயே போனேன். கேட்டில் செக்யூரிட்டி மட்டும் பழைய ஆள், எழுந்து நின்று சல்யூட் வைத்துவிட்டு, விசிட்டர் நோட்டை நீட்டினார். எந்தக் கம்பெனியிலிருந்து வருகிறீர்கள் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவரே, "சும்மா கோடு போடுங்க சார்" என்றார். போட்டேன். அந்தப் பெண் பேப்பரை வாங்கிக்கொண்டு பதினைந்து நாள் கேட்டிருக்கிறாள்.